வகுத்தல் கணக்கு

ரஃபேல் போர் விமானத்தின் விலை என்று நான் வெவ்வேறு சமயங்களில் மூன்று தொகைகளை எழுதியிருக்கிறேன். 526 கோடி ரூபாய், 670 கோடி, 1,600 கோடி. எதுவும் நானாகக் கற்பித்ததில்லை. 126 விமானங்கள் வாங்க முன்பு நடந்த பேச்சுவார்த்தையை வைத்து எதிர்க்கட்சி சொன்னது முதலாவது. 2016 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதிலில் இருந்தது இரண்டாவது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சோடு கையெழுத்தான ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை விமானங்களின் எண்ணிக்கையான 36-ஆல் வகுத்தால் மூன்றாவது வரும். எழுதப்போகும் கட்டுரைக்கு எது தோதோ அதை எடுத்துக்கொள்வேன். அப்படி எடுப்பது தவறு என்று தெரிந்தேதான் செய்தேன்.

நான் படித்தது வணிகவியல். அடக்கவிலைக் கணக்கு எனக்குப் பிடித்த பாடம். பொருளின் தனி விலை எது, அதன் தலையில் வந்து ஏறும் மற்றச் செலவு எது, இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஆகவே புரியாமல் எழுதிவிட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. விமானத் தொழில்நுட்பம் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும் என்பதும் உண்மை. அது வேறு குற்றம், பின்னால் வருகிறது.

ரஃபேலை நேரில் பார்த்தது பெங்களூரு யெலஹங்கா விமானக் கண்காட்சியில், தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று. ஓடுபாதையை விட்டு எழுந்ததும் மூக்கை வானத்துக்குத் திருப்பிக்கொண்டு அது செங்குத்தாக ஏறியபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது. அன்றைக்கே கட்சி சேர்ந்துவிட்டேன். நடிகருக்கு ரசிகனாவது போலத்தான். ஆனால் நடிகரின் ரசிகன் தன்னை ஆய்வாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டான், நான் சொல்லிக்கொண்டேன்.

2016 கடைசியில், நான் எழுதிவந்த வார இதழுக்கு 'எந்த விமானம் சிறந்தது?' என்று இரண்டு பக்க அட்டவணை தயாரித்தேன். ரஃபேலுக்கு எதிரில் நிறுத்தியது யூரோஃபைட்டர் டைஃபூனை. இந்திய விமானப்படை ஆறு நிறுவனங்களின் விமானங்களைப் பறந்து பார்த்து, 2011-இல் மிச்சம் வைத்தது இந்த இரண்டைத்தான் என்பதால் ஜோடி பொருத்தமாகவே இருந்தது. ரஃபேல் கட்டத்தில் 670 கோடி என்று போட்டேன். ஆயுதங்கள், துணைக் கருவிகள், இந்தியாவுக்கென்று செய்யும் மாற்றங்கள், பராமரிப்பு எதுவும் சேராத தொகை இது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டைஃபூன் கட்டத்துக்கு, அந்த ஆண்டு ஏப்ரலில் குவைத் போட்ட ஒப்பந்தத்தை எடுத்தேன். 28 விமானங்கள், ஏறத்தாழ 800 கோடி ஈரோ. பயிற்சி, பராமரிப்பு, விமானத் தளத்தில் கட்ட வேண்டிய கட்டடங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஈரோவுக்கு 75 ரூபாய் என்று வைத்து 28-ஆல் வகுத்தேன். 2,140 கோடி வந்தது. அட்டவணையில் 670-க்குப் பக்கத்துக் கட்டத்தில் 2,140. தலைப்பிலேயே 'மூன்று மடங்கு' என்று வந்தது.

ஒரே மாதிரி வகுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் அப்போதே போட்டுப் பார்த்தேன். இந்திய ஒப்பந்தம் மொத்தம் ஏறத்தாழ 787 கோடி ஈரோ. 36-ஆல் வகுத்தால் விமானத்துக்கு ஏறத்தாழ 1,640 கோடி ரூபாய். அப்போதும் ரஃபேல்தான் மலிவு. என் விமானம் ஜெயித்திருக்கும். ஆனால் 'மூன்று மடங்கு' கிடைத்திருக்காது. ஜெயித்தால் போதாது, எதிரி சிரிப்புக்கிடமாக வேண்டும் என்று இருந்திருக்கிறது எனக்கு.

அந்த இதழ் வந்த பிறகு ஒரு கணித ஆசிரியர் கடிதம் எழுதியிருந்தார். மூன்று மடங்கு விலை என்று குவைத்துக்குத் தெரியாதா, தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள், இரண்டு தொகைகளிலும் அடங்கியவை ஒன்றுதானா என்று கேட்டிருந்தார். மிகச் சரியான கேள்வி. அச்சில் பதில் எழுதும் வாய்ப்பும் எனக்கு இருந்தது. "எண்ணெய்க் காசு இருப்பவர்களுக்கு வகுத்தல் கணக்கு எதற்கு ஐயா?" என்று எழுதினேன். இதழில் எல்லோரும் ரசித்தார்கள். அந்த ஆசிரியர் மறுபடி எழுதவில்லை. வகுத்தல் கணக்கில் ஏமாற்றியவன், அதைக் கண்டுபிடித்தவரையே வகுத்தல் தெரியாதவர்போல் ஆக்கிய கதை இது.

ஒப்பந்தத் தொகைக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குச் சொல்லாததற்குப் பதிலாக. இந்தியா வாங்கிய 36 ரஃபேல்களோடு, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் விமானத்தைத் தாக்கும் மீட்டியோர் ஏவுகணை வந்தது. தரையிலக்குக்கான ஸ்கால்ப் வந்தது. லே போன்ற உயரமான தளத்தின் குளிரிலும் எஞ்சினைக் கிளப்பும் வசதி, விமானியின் தலைக்கவசத்திலேயே குறிபார்க்கும் கருவி, ஏவுகணையை ஏமாற்ற விமானம் பின்னால் இழுத்துச் செல்லும் போலி இலக்கு என்று இந்தியா கேட்ட மாற்றங்கள் ஒரு பட்டியல். அம்பாலாவிலும் ஹாசிமாராவிலும் கொட்டகைகள், பயிற்சிக்கான சிமுலேட்டர், உதிரிபாகங்கள். இவற்றுக்கு மேல், எந்த நாளிலும் முக்கால்வாசி விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம் என்று தயாரிப்பாளர் கொடுத்த உறுதி. இத்தனையையும் சேர்த்து 36-ஆல் வகுத்து அதை விமானத்தின் விலை என்பது, மண்டப வாடகை, நகை, நாதஸ்வரம் உட்பட மொத்தக் கல்யாணச் செலவையும் விழுந்த இலைகளால் வகுத்து ஒரு சாப்பாடு இவ்வளவு என்று சொல்வதைப்போல.

தலைமைத் தணிக்கை அதிகாரி இந்த ஒப்பீட்டை எப்படிச் செய்தார் என்று 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் பார்த்தேன். பழைய விலைப்புள்ளியில் இருந்தவற்றையும் புதிய ஒப்பந்தத்தில் இருந்தவற்றையும் இனம் இனமாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று ஈடாக அடுக்கி, அதன் பிறகுதான் ஒப்பிட்டார்கள். புதியது 2.86 சதவீதம் குறைவு என்று முடிவு. தொகைகளை மறைத்துத்தான் அறிக்கையை வெளியிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் செய்யும் முறை அதுதான். அதைப் படித்துவிட்டும் அடுத்த அட்டவணையை நான் பழைய முறையிலேயே போட்டேன்.

அந்த அடுத்த அட்டவணையில் அடிபட்டது தேஜஸ். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய்க்கு அரசு ஒப்பந்தம் போட்டது. எனக்குத் தேஜஸ்மேல் இளக்காரம். 1983-இல் தொடங்கிய திட்டம், முதல் பறப்புக்கே 2001 ஜனவரி ஆகிவிட்டது, எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும் என்று மனதுக்குள் ஒரு குற்றப்பத்திரிகை வைத்திருந்தேன். மொத்தத் தொகையை 83-ஆல் வகுத்தேன்: 578 கோடி. பக்கத்தில் ரஃபேலுக்கு மறுபடியும் வெறும் விமானத்தின் 670. இன்னும் 92 கோடி போட்டால் ரஃபேலே கிடைக்குமே, இந்தச் சின்ன விமானத்துக்கா இவ்வளவு என்று எழுதினேன். எழுதும்போது விரல் கூசவில்லை. டைஃபூனுக்குச் செய்த அதே தந்திரத்தை நம்மூர் விமானத்துக்குச் செய்தேன், அவ்வளவுதான். திட்டம் தாமதமானது உண்மை, பிற்பாடு எஞ்சின் வராமல் மார்க்-1ஏ ஒப்படைப்பு தள்ளிப்போனதும் உண்மை. அந்த உண்மைகளை வைத்தே நியாயமாகக் கண்டித்திருக்கலாம். விலையில் பொய் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

விலை போகட்டும். திறன் என்ற தலைப்பில் நான் அடித்த கூத்து இன்னும் மோசம். ஒவ்வொரு விமானத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன். வேகத்துக்கு 20, ஆயுதச் சுமைக்கு 20, ரேடாருக்கு 20, இப்படி. வேகத்துக்கு ஏன் இருபது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். மிக்-21 ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். ரஃபேலுக்கு 1.8 மடங்கு, எஃப்-35-க்கும் தேஜஸுக்கும் 1.6 மடங்கு. என் அட்டவணையின்படி, அறுபதுகளில் வந்த விமானம் வேகத்தில் எல்லோரையும் தோற்கடித்து இருபதுக்கு இருபது வாங்க வேண்டும். அதனால் மிக்-21-ஐ அட்டவணையிலேயே சேர்க்கவில்லை. அந்த உச்ச வேகமே ஏவுகணையோ எரிபொருள் தொட்டியோ தொங்காத விமானம், நல்ல உயரத்தில், சில நிமிடங்களுக்கு எட்டுவது. சண்டைக்குப் போகும் விமானம் அந்தக் கோலத்தில் போவதில்லை. எஃப்-35 ஆயுதத்தையும் எரிபொருளையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வதற்குக் காரணம் எதிரி ரேடாரில் சின்னதாகத் தெரிவதற்காக. அதன் பலம் வேகக் கட்டத்தில் அகப்படாது.

மதிப்பெண்களைக் கூட்டியபோது எஃப்-35 முன்னுக்கு வந்துவிட்டது ஒருமுறை. ரேடாரின் பங்கைக் குறைத்தேன், ஆயுதச் சுமையின் பங்கைக் கூட்டினேன். ரஃபேல் தன் எடைக்கு ஏறக்குறையச் சமமாக, 9.5 டன் சுமையை வெளியே மாட்டிக்கொண்டு போகும். அது என் விமானத்தைக் காப்பாற்றியது. வாத்தியார் தன் வீட்டுப் பிள்ளைக்கு வினாத்தாளையே மாற்றிக் கொடுத்தார் என்று தெரிந்தால் ஊரே சேர்ந்து திட்டும். எனக்குக் கிடைத்தது வாசகர் பாராட்டு.

பயிற்சிச் சண்டைகளை ஸ்கோர் போட்டு எழுதியதும் உண்டு. 2004-இல் குவாலியரில் அமெரிக்க எஃப்-15 விமானங்களை நம்மவர்கள் திணறடித்தார்கள். அமெரிக்கத் தரப்பு எண்ணிக்கையில் குறைவாகப் பறந்தது, தன் தொலைதூர ஏவுகணையின் முழு வீச்சைப் பயன்படுத்தாமல் ஆட ஒப்புக்கொண்டிருந்தது என்பதை நான் எழுதவில்லை. 2015-இல் இங்கிலாந்தில் நம் சுகோய்கள் டைஃபூன்களை 12-0 என்று வென்றதாகச் செய்தி வந்ததும் அதை அப்படியே கொட்டை எழுத்தில் போட்டேன். பிரிட்டிஷ் விமானப்படை அதை மறுத்திருந்தது, மறுப்பைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். கற்றுக்கொள்வதற்காக இரு தரப்பும் விதிகளை மாற்றி மாற்றி வைத்து ஆடும் பயிற்சியை நான் உலகக்கோப்பை இறுதியாட்டமாக்கினேன்.

தேஜஸ் கட்டுரை வெளியான பிறகு, கோவை சூலூரில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. தேஜஸின் இரண்டு அணிகளும் அப்போது சூலூரில் இருந்தன. ஆனால் அவர் வேலை பார்த்தது பெரும்பாலும் மிக்கிலும் சுகோயிலும். விமானி இல்லை, தரையில் நின்று விமானத்தைக் கிளப்பி அனுப்பும் ஆள். அவர் என் கட்டுரையைப் படித்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, லைன்ல எத்தன நிக்குதுன்னு எழுதறீங்க. காலைல எத்தன கெளம்புச்சுன்னு யாராச்சும் எழுதறாங்களா?"

"அந்தக் கணக்கு வெளியில கிடைக்காதேண்ணா" என்றேன்.

"கெடைக்கறத எழுதலாமுங்களே" என்றார். அதோடு விட்டுவிட்டு, ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டிக் கிளப்பிய கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அப்படிக் கழற்றக் கொடுத்த விமானம் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும். பட்டியலில் அதுவும் ஒரு விமானம்தான்.

அவர் சொன்னது சரி, கிடைக்கிறதை நான் எழுதவில்லை. சுகோய்-30 விமானங்களில் முக்கால்வாசி தயாராக இருக்க வேண்டிய இடத்தில் 55 முதல் 60 சதவீதம்தான் இருந்தது என்று 2015-இலேயே தணிக்கை அறிக்கை சொன்னது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35-களில் பணிக்குத் தயாராக இருந்தவை 55 சதவீதம் என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் எழுதியது. நூறு வாங்கினால் ஐம்பத்தைந்து என்றால், வகுக்க வேண்டியது நூறாலா, ஐம்பத்தைந்தாலா? வணிகவியல் படித்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டும். விமானப்படையில் விமானத்தைத் துடைத்துப் பூட்டியவருக்குத் தோன்றியிருக்கிறது. அதே அமெரிக்க அலுவலகம், எஃப்-35-களை அவற்றின் ஆயுள் முழுக்க வைத்துப் பறக்க 1.58 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று 2024-இல் கணக்குச் சொன்னது. வாங்கும் விலையில் அப்போது எஃப்-35ஏ ஒன்று எட்டுக் கோடி டாலர் சொச்சம், ரஃபேலோடு தாராளமாகப் போட்டி போட்டது. செலவு வருவது வாங்கிய பிறகு.

ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவு என்ற கட்டம் என் அட்டவணையில் உண்டு. அதில் ஸ்வீடனின் கிரிபென்னுக்கு 4,700 டாலர் என்று வருடா வருடம் போட்டுவந்தேன். 2012-இல் ஜேன்ஸ் நிறுவனம் செய்த ஆய்விலிருந்து எடுத்தது. ஆய்வுக்குக் காசு கொடுத்தது கிரிபென்னைத் தயாரிக்கும் சாப் நிறுவனம் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், எரிபொருளும் தளத்தில் நடக்கும் பராமரிப்பும் மட்டும் ஒருவர் கணக்கில் இருக்கும். எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்கும் செலவு, மென்பொருள் மாற்றும் செலவு எல்லாம் இன்னொருவர் கணக்கில் ஏறும். இரண்டுக்கும் பெயர் ஒரு மணி நேரச் செலவுதான். நான் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டேன்.

ஒழுங்காகச் செய்தவர்கள் யாரும் இல்லையா என்று தேடியபோது கிடைத்தது சுவிட்சர்லாந்து. அங்கே போர் விமானம் வாங்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள். 2020 செப்டம்பரில் 50.1 சதவீதம் பேர் சரி என்றார்கள். 600 கோடி பிராங்க் வரம்பு. ரஃபேல், டைஃபூன், சூப்பர் ஹார்னெட், எஃப்-35ஏ நான்கும் போட்டியிட்டன. மதிப்பெண் போட்டார்கள், என்னைப்போலவேதான்; ஆனால் எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் போட்டார்கள். 336 வாங்கி எஃப்-35 முதலிடம், அடுத்ததைவிட 95 புள்ளி கூடுதல். வாங்கும் செலவும் முப்பது வருடம் பறக்கும் செலவும் சேர்த்து 1,550 கோடி பிராங்க். இதிலும் அதுவே மலிவு, அடுத்ததைவிட 200 கோடி குறைவு. பராமரிப்பில் விலை உயர்ந்தது என்று பெயரெடுத்த விமானம் எப்படி மலிவாயிற்று? எஃப்-35 விமானிகள் சிமுலேட்டரில் நிறையப் பழகுவார்கள், ஆகவே மற்ற விமானங்களைவிட இருபது சதவீதம் குறைவாகப் பறந்தால் போதும் என்பது கணக்கின் ஒரு பகுதி. மணிக்கு அதிகச் செலவு, மணிகள் குறைவு. இந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. என் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை.

2021-இல் முடிவெடுத்தார்கள். விலை நிலையானது, மாறாது என்று அரசு மக்களுக்குச் சொல்லியிருந்தது. 2025 ஜூனில் அமெரிக்கா, அப்படி நாங்கள் சொன்னதாக நீங்கள் புரிந்துகொண்டது தப்பு என்ற பாணியில் நின்றது. இன்னும் 65 கோடி முதல் 130 கோடி பிராங்க் வரை கூடும் என்று செய்தி. என்னைவிட நூறு மடங்கு நேர்மையாகச் செய்தவர்களுக்கும் இந்தக் கதியா என்று படித்தேன். படித்தபோது எனக்குள் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியையும் இந்த வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும். அவர்கள் கணக்கு தப்பியது அமெரிக்கா கையை விரித்ததால். என்னுடையது தப்பியது நான் தப்பவிட்டதால்.

சொல்லத் தயங்கிய இன்னொன்று பாக்கி. 2025 மே 7 இரவு, பாகிஸ்தானோடு மோதல் நடந்த சமயம். வீட்டில் எல்லோருக்கும் நான்தான் விமான நிபுணன். குடும்ப வாட்ஸ்அப்பில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, பாகிஸ்தானோட ஜே-10 நம்ம ரஃபேல அடிச்சிருக்க முடியுமா?" எல்லையில் என்ன நடந்தது என்று உலகத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாத நேரம். இரண்டையும் ஒப்பிட்டு நான் போட்டிருந்த பழைய அட்டவணை ஒன்றின் படத்தை எடுத்து அனுப்பினேன். "ரெண்டு வெலையையும் பார்டா, அதுலயே பதில் இருக்கு" என்று கீழே எழுதினேன். விலை அதிகமான விமானம் விழாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை நான் நம்பினேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அந்த நிமிடம் நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை வருடம் மற்றவர்களுக்குக் காட்டியதை நானே கடைசியில் விழுங்கியிருக்கிறேன்.

மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான், விமான இழப்பு ஏற்பட்டதை ஒப்புக்கொண்டார். எத்தனை, எந்த ரகம் என்று சொல்லவில்லை. பாகிஸ்தான் சொன்ன ஆறு என்ற எண்ணிக்கை தவறு என்றார். விழுந்தது என்பதைவிட ஏன் விழுந்தது என்பதே முக்கியம் என்ற பொருளில் பேசினார். அந்த 'ஏன்' என்பதற்குள் வரக்கூடியவை எத்தனையோ. தொலைவில் வட்டமடித்துக்கொண்டு எதிரியைப் பார்க்கும் எரிஐ, நேத்ரா போன்ற கண்காணிப்பு விமானங்கள். அவை பார்த்ததை ஏவுகணைக்குக் கொண்டுசேர்க்கும் தகவல் இணைப்பு. பாகிஸ்தானின் பிஎல்-15 ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று யார் என்ன நினைத்திருந்தார்கள் என்பது. முதலில் சுடலாமா கூடாதா என்று விமானிக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. இதில் ஒன்றுக்காவது நான் கட்டம் வரைந்திருக்கிறேனா என்று பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். இல்லை. எஞ்சின் சத்தத்துக்குக்கூட ஒருமுறை ஐந்து மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறேன்.

அக்கா மகனிடம் நான் அனுப்பியது தப்பு என்று சொல்லவில்லை. அவன் அதை மறந்திருப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் செப்டம்பர் 25-ஆம் தேதி, இன்னும் 97 தேஜஸ் வாங்க 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்தார்கள். அன்று மாலையே இதழிலிருந்து துணை ஆசிரியர் கூப்பிட்டார். இளைஞர், எப்போதும் சார் போட்டுத்தான் பேசுவார். "சார், மிக் போச்சு, தேஜஸ் வருது. வழக்கமான டேபிள் ஒண்ணு போட்டுடலாம் சார், ரெண்டு பக்கம் வெச்சிருக்கோம்." அவர் முடிப்பதற்குள் மனசு வகுத்துவிட்டது: 643 கோடி. பக்கத்தில் எதை வைத்தால் எடுபடும் என்றும் தோன்றிவிட்டது.

டேபிள் இனிமேல் போடுவதாக இல்லை என்றேன். காரணத்தையும் ஓரளவு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "புரியுது சார். அப்ப டேபிள் வேணாம், பெரிய படமா போட்டுக்கறோம். படத்துக்குக் கீழ போட ஒரே ஒரு வரி மட்டும் சொல்லுங்க. தேஜஸா, ரஃபேலா, எது சார் பெஸ்ட்?"

சொன்னேன்.